கார் ஏர்கான் கசிவு: நாமே கை வைக்கலாமா?

செங்காங்வாசி:
பழைய வண்டி. காஸ் நிரப்பினால் சில வாரம் குளிர்கிறது, அப்புறம் வெறும் காற்றுதான். ஒர்க்‌ஷாப்பில் காஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரையே மாற்றச் சொல்கிறார்கள். எங்கே கசிகிறது என்று கேட்டால் பதில் இல்லை. இணையத்தில் காஸ் டின், கசிவடைக்கும் மருந்து எல்லாம் விற்கிறார்கள். நானே செய்துவிடலாமா?

உபிக்காரன்:
தாராளமாகச் செய்யலாம். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது. காஸ் கசிந்தால் அந்த இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். பெரும்பாலும் இணைப்பிலுள்ள ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங்தான், சில்லறைக் காசு.

பழைய மெக்கானிக்:
தேடுவது சரி தம்பி, கழற்றுவதுதான் தப்பு. உள்ளே மிச்சமிருக்கும் ஆர்-134ஏ காஸை மெஷின் வைத்து எடுக்க வேண்டும். வெளியே விட்டால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். கண்ணில் பட்டால் கண்ணே போகலாம். நம் சிங்கப்பூர்க் காற்றில் எவ்வளவு ஈரம்! திறந்து வைத்தால் காஸை அழுத்தும் கம்ப்ரசரின் எண்ணெய் அதை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு உள்ளே அரிப்புதான். கசிவடைக்கும் மருந்தை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். காஸ் போகும் குறுகிய வழியான எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்துக்கொள்ளும், அப்புறம் எந்த ஒர்க்‌ஷாப்பும் தன் மெஷினை உங்கள் வண்டியில் மாட்டத் தயங்கும்.

உபிக்காரன்:
மருந்து வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். கடையில் மெஷின் வைத்துக் காஸை எடுத்துவிட்டு வண்டியைக் கொண்டுவந்துவிட்டால்? உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப், அழுத்தம் காட்டும் கேஜ் விலைக்குக் கிடைக்கிறதே. அரை மணி நேரம் இழுத்து, பம்பை நிறுத்திவிட்டு கேஜ் முள் ஏறுகிறதா, அதாவது கசிகிறதா என்று பொறுமையாகப் பார்ப்பேன். அவசரத்தில் இருக்கும் கடைக்காரர் அதைச் செய்வாரா?

பழைய மெக்கானிக்:
செய்யாத கடைக்குப் போகாதீர்கள். ஆனால் வேக்குவம் சோதனை மட்டும் போதாது. அதில் வரும் அழுத்த வித்தியாசம், அழுத்தத்தை அளக்கும் பிஎஸ்ஐ கணக்கில், 15கூட இல்லை. வண்டி ஓடும்போது உயரழுத்தப் பக்கம் 200 பிஎஸ்ஐயைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் மட்டும் வாய் திறக்கும் கசிவுகள் உண்டு. அழுத்தத்தில் நைட்ரஜன் ஏற்றிப் பிடிக்கலாம். அதையும் புளோக் கார் நிறுத்துமிடத்தில், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் செய்வீர்களா? புது வண்டிகளில் இருக்கும் ஆர்-1234ஒய்எஃப் காஸ் தீப்பிடிக்கக்கூடியது வேறு.

செங்காங்வாசி:
இப்போதுதான் பார்த்தேன் அண்ணே. கண்டென்சர் காய்ந்து கிடக்கிறது. காஸ் ஏற்றும் வால்வைச் சுற்றித்தான் பிசுக்கு, சோப்புக் குமிழியும் அங்கேதான்.

உபிக்காரன்:
சொன்னேனா!

பழைய மெக்கானிக்:
நல்ல வேலை செய்தீர்கள். படம் எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள். வால்வின் உள்பகுதியையும் மூடியையும் மாற்றினாலே போதுமா என்று சோதிக்கச் சொல்லுங்கள். எடுத்த காஸ் எத்தனை கிராம், ஏற்றியது எத்தனை கிராம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். சரியான அளவு பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்.