கையடக்க டாப்ளர் சோதனை: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். கருவின் இதயத் துடிப்பை அளக்கும் கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவி (டாப்ளர்) ஒன்றைச் சோதிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு, அது எல்லோருக்கும் தெரியும். என் கவலை வேறு. இவ்வகைக் கருவி சில சமயம் தாயின் நாடியைப் பிடித்துக்கொண்டு அதையே குழந்தையின் துடிப்பாகக் காட்டிவிடும். சில சமயம் உண்மையான எண்ணை இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டும். திரையில் வந்த எண்ணை நம்பி ஒரு தாய் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடக் கூடாதே!

தாயின் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டி, சிடிஜியோடு (கருவின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் மருத்துவமனைக் கருவி) ஒரே நேரத்தில் பதிவு செய்து ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன். டாப்ளர், சிடிஜி இரண்டின் அல்ட்ராசவுண்ட் அலைகளும் ஒன்றையொன்று குழப்பாமல் இருக்க என்ன செய்தீர்கள்? அப்புறம், கர்ப்பிணிகளிடம் போவதற்கு முன் சோதித்துப் பார்க்க, துடிப்பின் வேகத்தை மாற்றக்கூடிய செயற்கை வயிறு யாராவது செய்திருக்கிறீர்களா? எப்படிச் செய்தீர்கள் என்று விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.