மொட்டை டொமைனில் சிநேம் போட்டதிலிருந்து மெயில் சிலருக்குப் போகிறது, சிலருக்குத் திரும்புகிறது

விதைநெல்:
வணக்கம். தெரிந்தவர் ஒருவரின் அச்சகத்துக்குச் சின்னத் தளம் ஒன்று செய்து, தளங்களை வைக்கும் சேவையான கிட்ஹப் பேஜஸில் வைத்திருக்கிறேன். மூன்று டபிள்யூ போட்ட முகவரிக்கு டிஎன்எஸ் பேனலில் (டொமைன் பெயர் எங்கே போக வேண்டும் என்று பதியும் இடம்) சிநேம், அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் ரெக்கார்டு கொடுத்தேன், நன்றாக ஓடுகிறது. டபிள்யூ இல்லாத மொட்டை டொமைனுக்கும் அதையே கொடுத்தேன். பேனல் மறுக்கவில்லை, தளமும் திறக்கிறது. ஆனால் அப்போதிலிருந்து மெயிலில் குழப்பம். சில வாடிக்கையாளர்கள் அனுப்பும் ஃபைல் வந்துவிடுகிறது, சிலருக்குத் திரும்பிவிடுகிறது. மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை நான் தொடவே இல்லை. மெயில் நிறுவனத்தைக் கேட்டால் எங்கள் பக்கம் சரி என்கிறார்கள். எங்கே பார்ப்பது?

பழையசர்வர்:
அவர்கள் சொல்வது சரிதான். மொட்டை டொமைனில் இருக்கும் சிநேமை எடுங்கள், வினை அங்கேதான்.

'இந்தப் பெயரைப் பற்றி எதைக் கேட்பதானாலும் அந்தப் பெயரிடம் போய்க் கேள்' என்பதுதான் சிநேம். வெப்சைட்டுக்கு மட்டும், மெயிலுக்கு வேண்டாம் என்ற பிரிவினை அதில் கிடையாது. அதனால் சிநேம் உள்ள பெயரில் வேறு ரெக்கார்டு வைக்கக் கூடாது என்று 1987-இல் வந்த இணைய விதி ஆவணமான ஆர்எஃப்சி 1034-லேயே எழுதிவிட்டார்கள். மொட்டை டொமைனிலோ அதன் அடிப்படை விவரத்தைச் சொல்லும் எஸ்ஓஏ, அதன் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் நேம்சர்வரைச் சொல்லும் என்எஸ் இரண்டும் இருந்தே ஆக வேண்டும், அதனால் அங்கே சிநேமுக்கு இடமில்லை. ஒழுங்கான பேனல் சேமிக்கும்போதே பிழை காட்டியிருக்கும்.

விதைநெல்:
அப்படியென்றால் எல்லா மெயிலும் நின்றிருக்க வேண்டுமே? டிஎன்எஸ்ஸிடம் கேட்டுப் பார்க்கும் டிக் கட்டளையில் எம்எக்ஸ் கேட்டேன், சரியாகத்தான் காட்டுகிறது.

பழையசர்வர்:
நல்ல கேள்வி. எல்லாம் கேஷ், அதாவது பதில்களைத் தற்காலிகமாகச் சேமித்துவைக்கும் நினைவகம் செய்யும் வேலை. அனுப்புபவரின் ரிசால்வர் (பெயருக்கான பதிலைத் தேடித் தரும் சர்வர்) உங்கள் டொமைனைப் பற்றி முதன்முதலாக எம்எக்ஸ்தான் கேட்கிறது என்றால், உங்கள் நேம்சர்வர் சரியான பதிலைக் கொடுத்துவிடுகிறது. அதே ரிசால்வர் வழியாக யாராவது சற்று முன்பு உங்கள் தளத்தைத் திறந்திருந்தால், சிநேம் ஏற்கெனவே அதன் கேஷில் உட்கார்ந்திருக்கும். அப்புறம் எம்எக்ஸ் கேட்டாலும் உங்கள் நேம்சர்வர் பக்கமே வராது, நேராக கிட்ஹப் பெயரிடம் போய்விடும். அங்கே உங்களுக்கான எம்எக்ஸ் ஏது? எம்எக்ஸ் இல்லையென்றால் மெயில் சர்வர் ஏ ரெக்கார்டில் (பெயருக்கான ஐபி எண்ணைச் சொல்லும் ரெக்கார்டு) உள்ள ஐபிக்கே கொண்டுபோய்க் கொடுக்கப் பார்க்கும். அது வெப் சர்வர், மெயிலை வாங்காது.

ஆக, தளத்தை அடிக்கடி பார்க்கும் வாடிக்கையாளரின் மெயில்தான் அதிகம் அடிபடும்! ஒரே ரிசால்வரிடம் முதலில் ஏ, உடனே எம்எக்ஸ் என்று கேட்டுப் பாருங்கள். சிநேம் தலைகாட்டும் வாய்ப்பு அதிகம்.

சிநேமை நீக்கிவிட்டு நான்கு ஏ ரெக்கார்டுகள் போடுங்கள்: 185.199.108.153, 185.199.109.153, 185.199.110.153, 185.199.111.153. மூன்று டபிள்யூவுக்கு உள்ள சிநேம் அப்படியே இருக்கட்டும். பழைய சிநேமின் டிடிஎல் (கேஷில் வைத்திருக்கும் நேரம்) 14400 வினாடி என்றால், கேஷ்கள் காலியாக 4 மணி நேரம் வரை ஆகும். அதுவரை பொறுங்கள், பேனலைத் திரும்பத் திரும்ப நோண்ட வேண்டாம்.

கம்பிமுனை:
ஐபி நாளை மாறினால் என்ன செய்வது என்று யோசித்தால், ஏலியாஸ் அல்லது ஏநேம் தரும் டிஎன்எஸ் சேவைக்கு மாறலாம். கிளவுட்ஃப்ளேரில் இதற்கு சிநேம் ஃப்ளாட்டனிங் என்று பெயர். நேம்சர்வரே அந்தப் பெயரின் ஐபியைத் தேடி எடுத்து, ஏ ரெக்கார்டாகக் கொடுத்துவிடும். வெளியே சிநேம் தெரியாது, எம்எக்ஸும் பிழைக்கும். அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53-இன் ஏலியாஸை மட்டும் இதற்கு நம்பாதீர்கள். அது அமேசானின் சில சேவைகளுக்கும் அதே ஸோனில் (ஒரு டொமைனின் ரெக்கார்டுத் தொகுப்பு) உள்ள பெயர்களுக்கும்தான்.

விதைநெல்:
ஏ ரெக்கார்டுகள் போட்டுவிட்டேன், இன்று மாலை முன்பு திரும்பிய ஒருவரின் மெயில் வந்தது. இன்னொன்று: அச்சகத்தின் பழைய டாட் காம் முகவரியின் மூன்று டபிள்யூவைப் புதியதற்கு சிநேம் செய்தால் பார்ப்பவர்கள் தானாக இங்கே வருவார்களா?

கம்பிமுனை:
வர மாட்டார்கள். சிநேம் ஐபியைத்தான் காட்டிக் கொடுக்கும், பிரவுசர் பழைய பெயரிலேயே நிற்கும். அந்தப் பெயருக்குச் சான்றிதழ் இல்லாததால் எச்சரிக்கைப் பக்கம்தான் வரும். உங்களுக்கு வேண்டியது 301 ரீடைரக்ட், அதாவது பிரவுசரையே புதிய முகவரிக்குப் போகச் சொல்வது. டொமைன் வாங்கிய இடத்தில் 'ஃபார்வர்டிங்' இருக்கிறதா பாருங்கள், எச்டிடிபிஎஸ்ஸோடு சேர்த்துத் தருகிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.