சூனியக்காரியின் கையில் இருப்பது அதிகாரமா?

கேள்வி:
ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் மூன்று சூனியக்காரிகளே ஒரு தளபதியை அரசக் கொலைக்குத் தள்ளினார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கொல்லும்படி அவர்கள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அரசனாவாய் என்று வாழ்த்துவதோடு சரி. மறுமலர்ச்சிக் கால ஆங்கிலத் துன்பியல் நாடகங்களில் சூனியம் பெண்ணுக்குக் கிடைத்த அதிகாரமா, ஆண்கள் தம் பழியை இறக்கிவைத்த இடமா? அந்தத் தளபதியின் மனைவி லேடி மேக்பெத்தை இந்த வரிசையில் சேர்க்கலாமா?

பதில் 1:
சூனியத்தால் தன் கப்பலுக்கு எதிராகப் புயல் கிளப்பப்பட்டது என்று நம்பி, 1590-91 இல் நார்த் பெரிக் வழக்குகளில் கைதானவர்களைத் தானே விசாரித்தவர் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ். பேயியல் பற்றி 1597 இல் நூல் எழுதினார். அவர் இங்கிலாந்தின் அரசரான மறு ஆண்டே, 1604 இல், சூனியத் தடைச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1606 ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘மேக்பெத்’திலோ, கஷ்கொட்டை தர மறுத்த மாலுமி மனைவியைப் பழிவாங்கக் கிளம்பும் சூனியக்காரியால் அவள் கணவனின் கப்பலை அலைக்கழிக்க முடிகிறதே தவிர, மூழ்கடிக்க முடியவில்லை.

லேடி மேக்பெத்தைத் தாராளமாகச் சேர்க்கலாம். தன் பெண்மையை அகற்றும்படியும், முலைப்பாலைப் பித்தமாக மாற்றிக்கொள்ளும்படியும் ஆவிகளை அவள் அழைக்கிறாள். சூனியக்காரியின் உடலில் ஏவல் பேய்கள் உறிஞ்சிக் குடிக்கும் என்ற அக்கால நம்பிக்கையை ஒட்டியே அந்த வேண்டுதல் அமைந்திருக்கிறது. ஆயினும் முடி கைக்கு வந்தபின் அவளிடம் கணவன் ஆலோசனை கேட்பதில்லை. சக தளபதி பாங்கோவைக் கொல்ல ஆளனுப்பிவிட்டு, நீ அறியாமலே இரு என்று கொஞ்சலாகச் சொல்லி அவளை விலக்கிவைக்கிறான். அவள் மனம் பேதலிப்பதற்கான காரணத்தை நான் இந்தக் காட்சியிலிருந்தே தேடத் தொடங்குவேன்.

பதில் 2:
டெக்கர், ஃபோர்டு, ரௌலி மூவரும் சேர்ந்து எழுதிய ‘எட்மன்டன் சூனியக்காரி’யை அவசியம் வாசியுங்கள். எலிசபெத் சாயர் என்ற பெண் தூக்கிலிடப்பட்ட அதே 1621 இல் அது மேடையேறியது. நாடகத்தில் அவள் வறுமையில் வாடும் கூன் விழுந்த கிழவி; சுள்ளி பொறுக்கினாள் என்பதற்காக நிலத்துக்காரன் பேங்க்ஸ் அவளை அடிக்கிறான். ஊரார் சூனியக்காரி என்று தூற்றித் தூற்றி, எப்படியும் அந்தப் பெயர்தானே என்று அவள் வெறுத்துச் சபிக்கும் நேரத்தில்தான் கருப்பு நாய் உருவில் சாத்தான் வந்து நிற்கிறான். இரத்தம் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டு பேங்க்ஸின் உயிரைக் கேட்கிறாள். அவன் ஏழைகளுக்கு ஈபவன், அவனை நெருங்க எனக்கு அனுமதி இல்லை என்கிறது நாய்! தன்னை அடித்தவனைத் தொடக்கூட அவளது சூனியத்தால் இயலவில்லை என்ற அந்த இடத்தில், அடுத்த பக்கத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

பதில் 3:
மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். சாயரை வெறும் அப்பாவியாக அந்த நாடகம் காட்டவில்லை. நாய் மேடையில் மெய்யாகவே நடமாடுகிறது, அவளோடு பகைத்த ஆன் ராட்கிளிஃப் புத்தி பேதலித்துச் சாகிறாள். மார்லோவின் நாடகத்தில் சாத்தானுக்கு ஆன்மாவை விற்று இரத்தத்தால் கையெழுத்திட்ட அறிஞன் ஃபாஸ்டஸோடு அவளை ஒப்பிட்டால் அதிகாரக் கணக்கு தெளிவாகும். படித்த ஆணான அவனுக்கு 24 ஆண்டுகள், உலகப் பயணம், பேரரசரின் அவையில் மரியாதை. அவளுக்கோ அக்கம்பக்கத்தாரோடு தீர்த்துக்கொள்ளும் சில்லறைப் பகை.

தீர்ப்பையும் கவனியுங்கள். அதே நாடகத்தின் இன்னொரு கதையில், தன் பணிப்பெண் வின்னிஃப்ரைடைக் கெடுத்து, அவளை ஃபிராங்க் என்ற இளைஞன் தலையில் கட்டி, அவன் ஒரு கொலை செய்யும் வரை இழுத்துச் சென்ற சர் ஆர்தரே இத்தனைக்கும் மூலகாரணம் என்று நீதிபதியே வாய்விட்டுச் சொல்கிறார். சாயருக்கும் ஃபிராங்குக்கும் தூக்கு. சர் ஆர்தருக்கு அபராதம்.