நாலே நாளில் செத்துப்போகும் சுவர்க்கோழிகள்: எங்கே தப்பு செய்கிறேன்?

பொட்டுப்பல்லி:
வணக்கம். என்னிடம் ஒன்றரை வயது லெப்பர்டு கெக்கோ (புள்ளி போட்ட வளர்ப்புப் பல்லி) ஒன்று இருக்கிறது. அதற்குத் தீனியாக ஒவ்வொரு முறையும் நூறு சுவர்க்கோழி வாங்குவேன். நாலாம் நாள் பார்த்தால் பாதிக்கு மேல் மல்லாந்து கிடக்கும். மூடியைத் திறந்தாலே மூக்கைத் துளைக்கிற நாற்றம்.

பிளாஸ்டிக் டப்பாதான். மூடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டிருக்கிறேன். உள்ளே முட்டை அட்டை இரண்டைப் படுக்கையாகப் போட்டு, ஓரத்தில் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன். தினமும் கைப்பிடி பசலைக்கீரை போடுகிறேன். பட்டினி போடவே இல்லை. மிஞ்சியவையும் சுருண்டு கிடக்கின்றன. கெக்கோ ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. ஏதாவது நோயா?

செதில்வீடு:
நோயைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்த நாற்றத்தைக் கவனியுங்கள். எச்சமும் செத்த பூச்சியும் ஈரத்தில் அழுகும்போது கிளம்புகிற அம்மோனியா அது. காற்றோட்டம் இல்லாத டப்பாவில் அதற்கு வெளியேற வழி கிடையாது. அட்டையைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். கறுத்து, தொட்டால் பிசுபிசுவென்று இருக்கும். என் முதல் டப்பாவில் அப்படித்தான் இருந்தது. அது தெரியாமல் நான் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

மூடியின் நடுவைப் பெரிதாக வெட்டி உலோக வலை ஒட்டுங்கள். நைலான் வலை வேண்டாம், கடித்துத் துளைத்துவிடும். அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். எச்சம் கீழே உதிர்ந்துவிடும், பூச்சிக்கும் ஏறி இறங்க இடம் கூடும். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். அதில் விழுந்து மூழ்கிச் சாகும். தாகத்துக்கு ஒரு துண்டு கேரட்டோ உருளைக்கிழங்கோ போதும். அதையும் ஒரு பாட்டில் மூடியில் வைத்து, வாடுவதற்குள் மாற்றிவிடுங்கள். உலர்ந்த தீனியை எதிர் மூலையில் வையுங்கள், நனையக் கூடாது. செத்ததைத் தினமும் பொறுக்குங்கள். வெப்பம் 28 டிகிரியை ஒட்டி இருந்தால் சுறுசுறுப்பாக ஓடும்.

இவ்வளவும் செய்து, புதிதாக வாங்கியதும் கூட்டமாகச் செத்தால் அப்போது நோயைச் சந்தேகியுங்கள். டென்சோவைரஸ் என்று ஒன்று இருக்கிறது. பண்ணை பண்ணையாகச் சுவர்க்கோழிகளை அழித்திருக்கிறது. அப்படியானால் அட்டைகளை எறிந்துவிட்டு, டப்பாவை நன்றாகக் கழுவிக் காயவைத்து, வேறு இடத்தில் வாங்க வேண்டும்.

நிலாவால்:
செதில்வீடு சொன்னது அத்தனையும் சரி. நான் கீரையைப் பற்றிச் சொல்கிறேன், என் மனதில் இன்னும் கிடந்து உறுத்துகிற விஷயம் அது.

என் முதல் கெக்கோவுக்கு நானும் பசலைதான். அதாவது, பூச்சிக்கு பசலை, கெக்கோவுக்கு அந்தப் பூச்சி. பச்சைக்கீரை, சத்து என்று நம்பினேன். பசலையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. சுவர்க்கோழியில் இயல்பாகவே கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பல்லிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு, பாஸ்பரஸைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கால்சியம். ஒருநாள் சாயங்காலம் அது நடக்கும்போது முன்கால் விரல்கள் வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்தேன். கீழ்த்தாடை தொட்டால் ரப்பர் போல வளைந்தது. எலும்பு மெலிவு நோய் என்று மருத்துவர் சொன்னார். மாதக்கணக்கில் மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தோம், ஆனால் வளைந்த கால் வளைந்ததுதான்.

இப்போது பசலைக்குப் பதில் கேரட், பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. பல்லிக்குக் கொடுக்கப்போகிற பூச்சிகளை மட்டும் ஒருநாள், இரண்டு நாள் முன்பே தனி டப்பாவுக்கு மாற்றி, கால்சியம் கூடிய தீனி போடுவேன். அந்தத் தீனியையே எப்போதும் போடாதீர்கள், பூச்சிகள் தாங்காமல் சாகும். பிறகு கால்சியம் தூளில் புரட்டி உடனே போட வேண்டும். சுவர்க்கோழி மீசையையும் காலையும் வாயால் இழுத்து இழுத்துத் துடைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் தூள் போய்விடும். தின்னாமல் விட்டதைக் கூண்டிலேயே விட்டுவைக்காதீர்கள், தூங்குகிற பல்லியைக் கடிக்கும்.

மண்புற்று:
ஒரே வகையை நம்பியிருக்க வேண்டாம். மீல்வார்ம் என்கிற தீனிப் புழுவை ஃபிரிட்ஜில் வைத்தால் வளர்ச்சி மந்தமாகி வாரக்கணக்கில் தாங்கும். அதைவிடப் பெரிய புழுவான சூப்பர்வார்மை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் செத்துவிடும். டூபியா கரப்பான் கிடைத்தால் இன்னும் நல்லது, நாற்றமும் குறைவு, சத்தமும் போடாது.

பொட்டுப்பல்லி:
எல்லோருக்கும் நன்றி. அட்டையைத் தூக்கிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அதே கறுப்பு. எல்லாவற்றையும் மாற்றிப் புதிதாக வாங்கிவிட்டு ஒன்பது நாள் ஆகிறது, செத்தது ஆறுதான். நேற்று இரவு தூளில் புரட்டி மூன்றைப் போட்டேன். கெக்கோ வாலை மெல்ல ஆட்டிக்கொண்டே நெருங்கி ஒரே பாய்ச்சலில் பிடித்தது. நிலாவால் அக்கா, தாடையையும் விரல்களையும் உற்றுப் பார்த்தேன், நடுக்கம் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டிவிடுகிறேன்.