புதுப்பிப்பு: ஹைபிரிட் சைக்கிளில கடைசியா எதை மாத்தினன்?

போன மாசம் கேட்டிருந்தன்: கிளிநொச்சியில ஓடுற என்ர 7 கியர் ஹைபிரிட்டுக்கு 8 கியர் கசெட் (பின்சில்லின்ர நடுவில செருகிற பல்லுச்சில்லுத் தொகுதி) போடலாமோ, வேற எதையும் முதல்ல மாத்துறதோ எண்டு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கசெட் போடேலாது. பின்சில்லைக் கழட்டிப் பாத்தால் அது ஹப்பில, அதாவது சில்லின்ர நடுப்பகுதியில, மரையில முறுக்கிற ஃப்ரீவீல் எண்ட வேற வகைப் பல்லுச்சில்லு. கசெட் வேணுமெண்டால் ஹப்பையே மாத்தி, கம்பி எல்லாம் திருப்பிக் கட்டவேணும். எனக்கு அது வீண்செலவு. வன்னியில ஏத்தம் எங்க இருக்கு? இஞ்ச கால் உளையிறது சோளகக் காத்தாலயும் கிறவல் றோட்டாலயும்தான்.

அதால காசை ரயருக்குப் போட்டன். 28 மி.மீ. அகலமான 700×28 ஐக் கழட்டி, 38 மி.மீ. அகலமான 700×38. வாங்க முன்னம் பின் ஃபிறேமில இடைவெளி அளந்தது நல்லதாப் போச்சு. இன்னும் அகலமெண்டால் மாரியில சேறு அடைச்சிருக்கும். காத்தை 90 பிஎஸ்ஐயில இருந்து 55க்குக் குறைச்சன். இரணைமடுப் பக்கம் போய்வந்தன், அதே சைக்கிள்தானோ எண்டு இருக்குது! கை விறைப்பு நிண்டிட்டுது.

செயின் 0.75 சதவீதத்துக்கு மேல இழுபட்டிருந்தது. அதை மட்டும் மாத்த, தேஞ்ச பல்லில வழுக்கத் தொடங்கிச்சு. அதே 14-28 பல்லு அளவில புது ஃப்ரீவீல் போட்டாப்பிறகுதான் அடங்கினது. ரெண்டையும் சேத்தே வாங்குங்கோ. பிறேக் கட்டையும் புதுசு.

செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடச் சொன்ன தம்பி, வேண்டாம் ராசா, புழுதி அப்பிடியே ஒட்டிப்பிடிக்கும்.

அடுத்தது பொட்டம் பிறக்கற், பெடல் தண்டு சுழலுற அச்சுப் பகுதி. மிதிக்கேக்க கறகறக்குது.