சாயங்காலம் ஆற்றின் மேல் பூச்சி பிடிக்கிறது, மணலில் உட்காருகிறது: தகைவிலானா?

கேள்வி (மணல்வெளி):
குளித்தலை பக்கம் காவிரி மணல்திட்டு. பொழுது சாயும்போது நாற்பது, ஐம்பது பறவைகள் தண்ணீருக்கு மேல் வளைந்து வளைந்து பூச்சி பிடிக்கின்றன. பறக்கும்போது தகைவிலான் மாதிரிதான். ஆனால் கம்பியில் உட்காரவில்லை, மணலில் இறங்கிக் குடுகுடுவென்று ஓடுகிறது. என்ன பறவை? கிட்டப் போய்ப் படம் எடுக்கலாமா?

கூழைவால்:
சின்ன பிராட்டின்கோல். 16–19 செ.மீ. இருக்கும், மேலே மணல் சாம்பல் நிறம். பறக்கும்போது இறக்கையைப் பாருங்கள்: பளிச்சென்ற வெள்ளைப் பட்டையும் அதன் பின்விளிம்பில் கருப்பும் தெரியும். வால் ஏறக்குறைய சதுரம், தகைவிலான் போல ஆழமாகப் பிளந்திருக்காது. குட்டை அலகுதான், ஆனால் வாய் அகலமாகத் திறக்கும். பறந்தபடியே பூச்சியைக் கவ்வ அதுதான் வசதி. கரைப்பறவைக் கூட்டத்தைச் சேர்ந்தது. குழம்பியதில் தப்பில்லை, உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயசே 1766இல் இதன் உறவான கழுத்துப்பட்டை பிராட்டின்கோலைத் தகைவிலான் பேரினத்தில்தான் சேர்த்தார்!

ஏரிக்கரை:
ஒரு எச்சரிக்கை. வற்றிய ஏரி, உழுத வயல் பக்கம் பார்த்தால் கிழக்கத்திய பிராட்டின்கோலாகவும் இருக்கலாம். அது 23–24 செ.மீ., பழுப்பு உடல், வெண்மஞ்சள் தொண்டையைச் சுற்றிக் கருப்புக் கோடு. இறக்கையின் அடிப்பக்கம் செம்பழுப்பு, ஆனால் மங்கிய வெளிச்சத்தில் அது கருப்பாகவே தெரியும். அதனால் அடிநிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளைப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள், கிழக்கத்தியதற்குக் கிடையாது.

கூழைவால்:
சரிதான், அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

நீர்மட்டம்:
படம் எடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இவை கூடு கட்டுவதில்லை. ஆற்றில் தண்ணீர் வடிந்த மாதங்களில், வெறும் மணலில் லேசான குழியில் 2 முதல் 4 முட்டை இடும். முட்டையும் மணல் நிறம். காலடியில் இருந்தாலும் தெரியாது. ஆகவே திட்டுக்குள் நடக்கவே வேண்டாம்.

பறவை இறக்கை ஒடிந்ததுபோல மணலில் இழுத்துக்கொண்டு போனால், முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். பின்னால் போகாதீர்கள், வந்த தடத்திலேயே திரும்புங்கள். நடுப்பகல் வெயிலில் தாய் எழுந்துவிட்டால் முட்டை சீக்கிரம் சூடேறிக் கெடும். மனிதன் விரட்டிய இடத்தைக் காக்கை கவனித்து வந்துவிடும். அணைத் தண்ணீர் திடீரெனத் திறந்தால் முழுக் கூட்டத்தின் முட்டையும் போய்விடும். நாயும் மாடும் வேறு.

கரையிலேயே உட்கார்ந்து எடுங்கள். 400 மி.மீ. லென்ஸ், ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறையாமல். சாயங்காலம் வெளிச்சம் போதாது, விடிந்த ஒரு மணி நேரம்தான் தோது. வெயில் ஏறினால் மணல் சூட்டில் காற்று அலைபாயும், எந்த லென்ஸானாலும் படம் மங்கும். பறக்கும் பறவையைத் துரத்திப் பிடிக்க முடியாது. ஒரே பாதையில்தான் திரும்பத் திரும்ப வரும். அந்த இடத்தில் கேமராவை வைத்துக் காத்திருங்கள்.

மணல்வெளி:
வெள்ளைப் பட்டை இருக்கிறது, வாலும் சதுரம். சின்னதுதான். நாளைக்கு விடியற்காலை கரையிலிருந்தே முயல்கிறேன்.