256 குவாம் (ஒரு சிம்பல்ல 8 பிட் ஏத்துற மாடுலேஷன்) வரவே மாட்டேங்குது, 64-லயே (6 பிட்) நிக்குது. உதவி தேவை

சிக்னல்தேடி:
லேப்ல எல்டிஇ (4ஜி) பேஸ் ஸ்டேஷன், கேபிள் வழியா மோடம். ஆர்எஸ்ஆர்பி (மோடம் அளக்கிற சிக்னல் பவர்) -50 டிபிஎம், சிக்யூஐ (சேனல் எவ்வளவு நல்லா இருக்குன்னு மோடம் சொல்ற எண், உச்சம் 15) எப்பவும் 15. ஆனா ஸ்பீடு 145 எம்பிபிஎஸ் தாண்டல. 256 குவாம் லைசென்ஸ் போட்டாச்சு. எங்க தப்பு? கொஞ்சம் அவசரம்.

மூணாம்அடுக்கு:
பேண்ட்வித் எவ்வளவு? ஆன்டெனா 2x2-ஆ, 4x4-ஆ? மோடம் எந்த கேட்டகரி? லாக்ல எம்சிஎஸ் (எந்த மாடுலேஷன், எவ்வளவு கோடிங்னு சொல்ற எண்) என்ன காட்டுது? எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு மேல)? இதெல்லாம் இல்லாம ஜோசியம்தான் பார்க்கணும்.

அலைநீளம்:
பவர் ஆம்ப்ளிஃபையர்தான். 64 குவாமுக்கு ஈவிஎம் (அனுப்புற சிக்னல்லயே இருக்கிற பிழை) 8% வரை ஓகே, 256-க்கு 3.5%. 3.5%-ல நின்னாலே எஸ்ஐஎன்ஆருக்கு சுமார் 29 டிபி உச்சவரம்பு. சேனல் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அதுக்கு மேல போகாது. பவரை 3 டிபி குறைச்சுப் பாருங்க.

பழையகோபுரம்:
ஆர்எஸ்ஆர்பி -50-ஐ 'நல்ல சிக்னல்'னு நினைக்கிறவங்க முதல்ல அது என்னன்னு படிக்கணும். அது ஒரே ஒரு சப்கேரியரோட (பேண்ட்வித்தைப் பிரிச்ச சின்னத் துண்டு ஒண்ணோட) பவர். 20 மெகாஹெர்ட்ஸ்ல 1200 இருக்கு, அதாவது 31 டிபி கூட்டணும். முழு லோடுல மோடம் வாயில -19 டிபிஎம். தாங்க வேண்டிய உச்சமே -25. ரிசீவரை நசுக்கிட்டு 256 கேட்டா எப்படி? 30 டிபி அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கிற கருவி) போடுங்க.

சிக்னல்தேடி:
20 மெகாஹெர்ட்ஸ், 2x2, டிஎம்3 (டிரான்ஸ்மிஷன் மோடு 3). மோடம் கேட்டகரி 12. அட்டெனுவேட்டர் போட்டேன்: ஆர்எஸ்ஆர்பி -80, எஸ்ஐஎன்ஆர் 31. எம்சிஎஸ் ரெண்டு கோட்வேர்டுலயும் (ஒரே நேரத்துல போற ரெண்டு டேட்டா பிளாக்) 28, பிளாக் எரர் பூஜ்யம். இன்னும் அதேதான்.

மூணாம்அடுக்கு:
28-னு சொன்னதுலயே விடை இருக்கு. 256 குவாமுக்கான எம்சிஎஸ் அட்டவணையில முதல் டிரான்ஸ்மிஷனுக்கு உச்சம் 27. 28 முதல் 31 வரை ரீடிரான்ஸ்மிஷனுக்கு ஒதுக்கினது. எரரே இல்லாம 28 ஓடுதுன்னா 64 குவாம் வரைக்கும் உள்ள பழைய அட்டவணைதான் ஓடுது. சிக்யூஐ 15-ம் அப்படியே: பழையதுல அது 64 குவாம், புதுசுல 256. எண்ணை மட்டும் பார்த்தா வித்தியாசம் தெரியாது.
ரெண்டு இடம் பாருங்க. மோடம் அனுப்புற கேபபிலிட்டி மெசேஜ்ல 256 குவாம் ஆதரவு பேண்டுக்குப் பேண்டு தனியா வரும். நீங்க ஓட்டுற பேண்டுல இருக்கா? கேட்டகரி 12-க்கு அது கட்டாயம் இல்லை. இருந்தா, ஆர்ஆர்சி ரீகான்ஃபிகரேஷன்ல (பேஸ் ஸ்டேஷன் மோடத்துக்கு அனுப்புற செட்டிங் மெசேஜ்) மாற்று சிக்யூஐ அட்டவணை அளவுரு போகுதா? எல்டிஇ தரத்தோட ரிலீஸ் 12-ல வந்தது. அது போனாதான் எம்சிஎஸ் அட்டவணையும் மாறும். லைசென்ஸ் மட்டும் போதாது.
இன்னொண்ணு: டிசிஐ 1ஏ (மோடத்துக்கு ஒதுக்கீடு சொல்ற கட்டுப்பாட்டு மெசேஜ்ல ஒரு வகை) வழியா வர்ற ஒதுக்கீடு எப்பவும் பழைய அட்டவணைதான். நடுவுல ஒண்ணு ரெண்டு 28 தெரிஞ்சா பதற வேண்டாம்.

கேபிள்வாத்தி:
அட்டவணை மாறினா ஸ்பீடு 33% கூடும், 195 வரும்.

பழையகோபுரம்:
33% இல்லை, 30. ஒரு லேயருக்கு உச்ச பிளாக் 75,376 பிட், 256-ல 97,896. வகுத்துப் பாருங்க.

அலைநீளம்:
256-ல பீக் டு ஆவரேஜ் (உச்ச பவருக்கும் சராசரிக்கும் உள்ள விகிதம்) கூடும், அதனாலதான் பவர் குறைக்கச் சொன்னேன்.

பழையகோபுரம்:
ஓஎஃப்டிஎம்ல (எல்டிஇ டவுன்லிங்க் முறை) 1200 சப்கேரியர் ஒண்ணாச் சேரும்போது கான்ஸ்டலேஷன் (64, 256 மாதிரி குவாம் வகை) எதுவா இருந்தாலும் பீக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பவரைக் குறைக்க வைக்கிறது அந்த 3.5% ஈவிஎம்.

அலைநீளம்:
அப்லிங்க்ல (மோடத்துல இருந்து பேஸ் ஸ்டேஷனுக்கு)?

பழையகோபுரம்:
அது எஸ்சி-எஃப்டிஎம்ஏ (ஒத்தைக் கேரியர் மாதிரி அனுப்புற முறை), வேற கதை. கேள்வி டவுன்லிங்க் பத்தி.

சிக்னல்தேடி:
மாற்று அட்டவணை ஆஃப்ல இருந்தது. ஆன் பண்ணி மோடத்தை திரும்ப அட்டாச் பண்ணேன். எம்சிஎஸ் 27, 188 எம்பிபிஎஸ். அட்டெனுவேட்டரைக் கழட்டினா எம்சிஎஸ் 22-க்கு இறங்குது. நன்றி.

அலைநீளம்:
16 குவாமுக்கும் க்யூபிஎஸ்கேக்கும்கூட (சிம்பலுக்கு 2 பிட் மாடுலேஷன்) எஸ்சி-எஃப்டிஎம்ஏல பீக் வித்தியாசம் தெரியும். நான் சொன்னது அதைத்தான்.

பழையகோபுரம்:
மேல படிச்சா நீங்க சொன்னது அது இல்லை.